பரம்பரைப் புற்றுநோய்க்கு மரபணுப் பரிசோதனை: முதலில் யாருடைய ரத்தம்?

உங்கள் அத்தைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பல வருடம் முன்பே, அப்பாவைப் பெற்ற ஆச்சி "வயித்துல கட்டி" என்று சொல்லப்பட்டு இறந்துபோனார். உங்களுக்கு இப்போது 30 வயது. ஏதோ ஒரு லேபின் இணையதளத்தில் பரம்பரைப் புற்றுநோய் பேக்கேஜ் என்று ஒன்று கண்ணில் படுகிறது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்களாம். எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். ஆனால் இந்தக் குடும்பத்தில் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் அத்தை. நீங்கள் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஏன் அப்படி என்பது பிடிபட்டால் இந்தப் பரிசோதனையில் முக்கால்வாசி பிடிபட்ட மாதிரி. சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்ப்பதுபோல ஒரு ஆளை மட்டும் தனியே நிறுத்திவைத்துப் பார்க்கும் பரிசோதனை இல்லை இது.

எது பரம்பரையாக வருகிறது?

முதலில் ஒரு பயத்தைக் குறைத்துக்கொள்வோம். புற்றுநோய் வருபவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு முக்கியக் காரணம். மற்றவர்களுக்கு வயது, புகையிலை, கிருமித்தொற்று, உடல் பருமன், ஹார்மோன், பல நேரங்களில் வெறும் துரதிர்ஷ்டம். தாத்தாவுக்கு வெற்றிலை புகையிலையால் வாய்ப்புற்று, பாட்டிக்குக் கருப்பைவாய்ப் புற்று என்றால் அவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்ததாலேயே அது பரம்பரை என்று ஆகிவிடாது.

பரம்பரையாக வருவதும் புற்றுநோய் அல்ல, அதைத் தடுக்கும் ஏற்பாட்டில் ஒரு ஓட்டை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது: அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டும் (டாக்டர்கள் பேச்சில் 'பிராக்கா') டிஎன்ஏவில் ஏற்படும் முறிவுகளைச் சரிசெய்யும் வேலையைச் செய்பவை. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பழுதோடு பிறந்தவர்கள் பல ஆண்டுகள் எந்த வித்தியாசமும் தெரியாமல் இருக்கிறார்கள். என்றைக்கோ மார்பகத்தில் ஒரு செல்லில் அந்த மிச்சப் பிரதியும் கெட்டுப்போனால், அந்தச் செல்லில் பிழைகள் குவிய ஆரம்பிக்கும். இரண்டும் நன்றாக உள்ளவருக்கு ஒரே செல்லில் இரண்டும் அடுத்தடுத்துக் கெட வேண்டும், அது அரிது. ஒன்று ஏற்கெனவே போனவருக்கு இன்னொன்று போனால் போதும். பரம்பரை வகை சிறு வயதிலேயே வருவதற்கும், சில சமயம் இரண்டு பக்கமும் வருவதற்கும் இதுதான் காரணம். குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவை வைத்து ஆல்ஃபிரட் நுட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971இல் போட்ட கணக்கு இது.

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் 17ஆம் குரோமோசோமின் ஓர் இடத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க மரபியலாளர் 1990இல் காட்டினார். 1994இல் பிஆர்சிஏ1 கையில் சிக்கியது. அடுத்த வருடமே 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ2.

பழுது என்றால் எவ்வளவு பெரியது என்று கேட்கலாம். சில சமயம் இரண்டே எழுத்து. மரபணுவின் எழுத்துகளை செல் மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்கும். 'படம்மலர்கடல்' என்று எழுதியிருந்தால் படம், மலர், கடல் என்று பிரிக்கலாம். இதில் 'டம்' என்ற இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மும்மூன்றாகப் படித்துப் பாருங்கள்: பமல, ர்கட, ல்... அந்த இடத்திலிருந்து எல்லாமே உளறல். பிஆர்சிஏ1இல் '185டெல்ஏஜி' என்ற புகழ்பெற்ற பிழை இதேதான்: ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டுவிடுகின்றன. 1,863 அமினோ அமிலம் நீளம் வரவேண்டிய புரதம் 40ஐ எட்டுவதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்கள்) அதிகம் காணப்படுவதாகப் பாடநூல்கள் சொல்லும் பிழை இது. தென்னிந்தியப் பெண்களிடம் செய்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது. ஓர் இந்தியக் குடும்பத்தில் ஆராய்ந்தபோது அது யூதர்களிடமிருந்து வந்ததல்ல, இங்கேயே தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. (இப்போதைய அறிக்கைகளில் இதே பிழை 68-69 என்ற எண்ணோடு வரும். எண்ணும் முறை மாறிவிட்டது; வேறு பிழை என்று குழம்ப வேண்டாம்.)

ரத்தத்துக்கு முன்னால் ஒரு படம்

நல்ல மரபணு ஆலோசகர் ஊசியைத் தேட மாட்டார், பேனாவைத்தான் எடுப்பார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே கருப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்று மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்துவிடுவார். யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் என்று கேட்பார். வயதுதான் பாதித் துப்பு. 72 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயும் 36 வயதில் வந்ததும் ஒன்றில்லை. 50 வயதுக்குள் மார்பகப் புற்று, இரண்டு மார்பகத்திலும் வருவது, 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை (ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்றும் இல்லாத மார்பகப் புற்று), எந்த வயதானாலும் சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, ஒரே கிளையில் மார்பகமும் சினைப்பையும் கணையமும் கலந்து வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதனையைப் பற்றிப் பேசலாம்.

நம் வீடுகளில் இந்தப் படத்தை வரைவதுதான் உண்மையில் கடினமான கட்டம். ஆச்சியின் "வயித்துக் கட்டி" எந்தக் கட்டி? வயிறு உப்பியதா, ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்களா என்று ஆலோசகர் கேட்பது அதனால்தான்; அது சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம். பெரியப்பா "மஞ்சக்காமாலையில போனார்" என்பதற்குப் பின்னால் கணையம் ஒளிந்திருக்கலாம். பழைய பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எதுவாவது பீரோவில் கிடந்தால் தேடி எடுத்துப்போவது எந்தப் பேக்கேஜையும்விட உபயோகமானது.

அப்பா பக்கத்தை விட்டுவிடுவது அடுத்த பிழை. "மார்பகப் புற்றுதானே, அம்மா பக்கத்தைப் பார்த்தால் போதும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 17ஆம் குரோமோசோமும் 13ஆம் குரோமோசோமும் ஆணிடமும் இருக்கின்றன. பழுதான பிரதி உள்ள அப்பாவின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனானாலும் மகளானாலும், அது வர சரிபாதி வாய்ப்பு. அவருக்கு எந்த நோயும் வராமலே இருக்கலாம். உடன்பிறந்தவர்கள் எல்லாம் ஆண்களாக உள்ள வீட்டில் இந்தப் பழுது ஒரு தலைமுறை முழுக்கச் சத்தமில்லாமல் கடந்துபோகும்.

சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் படத்தில் அந்தத் தம்பதிக்கு இடையே இரட்டைக் கோடு போடுவார்கள். அதனால்தான் புற்றுநோய் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வகைப் பழுதுக்கு ஒரு பெற்றோர் போதும். மாமன் மகளோ அசலோ, வாய்ப்பு அதே பாதிதான். ஆனால் வேறொரு விஷயம் உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே கிளையிலிருந்து வந்து, இருவரிடமும் பிஆர்சிஏ2 பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அது ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான குழந்தைப் பருவ நோயாக வெளிப்படும். அதனால், பழுது தெரிந்த குடும்பத்தில் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர்கள் பிள்ளை பெறுவதற்கு முன் இருவருமே பார்த்துக்கொள்வது அவசியம்.

ஏன் அத்தை முதலில்?

அத்தைக்கு முதலில் பார்த்து, பிஆர்சிஏ1இல் ஒரு பழுது கிடைத்துவிட்டது என்றால், தேடவேண்டிய முகவரி கிடைத்துவிட்டது. இனி குடும்பத்தில் மற்றவர்களுக்கு மரபணு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவும் வெகுவாகக் குறையும். அடுத்தது நீங்கள்கூட இல்லை, அப்பா. அப்பாவிடம் அது இல்லையென்றால் உங்களுக்கு அது வந்திருக்க வழியே இல்லை, நீங்கள் ரத்தம் கொடுக்கவே வேண்டாம். அப்பாவிடம் இருந்து, உங்களிடம் இல்லையென்றால், உங்கள் ஆபத்து ஊரில் உள்ள மற்றப் பெண்களின் ஆபத்தளவுக்கு இறங்கிவிடும். அதுதான் உண்மையான நிம்மதி தரும் 'நெகட்டிவ்'.

அத்தையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் பேக்கேஜ் எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால்? குடும்பத்தில் பழுதே இல்லாமல் இருக்கலாம். பழுது இருந்தும் உங்களுக்கு வராமல் இருக்கலாம். இந்தப் பரிசோதனையின் கண்ணுக்குத் தெரியாத பழுது ஒன்று உங்களிடமே இருக்கலாம். மூன்றில் எது என்று அந்தத் தாள் சொல்லாது. ஆனால் பலர் அதை வாங்கிக்கொண்டு, தப்பித்தோம் என்று மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பயமுறுத்தும் ரிப்போர்ட்டைவிட இந்த அரைகுறை ஆறுதல்தான் ஆபத்து.

அத்தைக்கும் இதில் சொந்த லாபம் உண்டு, மருமகளுக்காக மட்டும் அவர் கை நீட்ட வேண்டியதில்லை. பிஆர்சிஏ பழுது உள்ள புற்றுநோய்க்கென்றே ஓலாபாரிப் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2014இல் சினைப்பைப் புற்றுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. மற்ற மார்பகத்தை என்ன செய்வது, சினைப்பையை எடுப்பதா என்ற கேள்விகளுக்கும் விடை இதிலிருந்துதான் வரும். அவருக்கு நோய் முற்றியிருந்தால், முடிவைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாலும் டிஎன்ஏவை எடுத்துச் சேமித்துவைக்கக் கேளுங்கள். அவர் இல்லாமல் போயிருந்தால், பேத்தாலஜி லேபில் மெழுகுக் கட்டியாக வைத்திருக்கும் பழைய திசுவிலிருந்து சில சமயம் பார்க்க முடியும், எப்போதும் கைகொடுக்காது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அத்தையின் கட்டியிலிருந்து எடுத்த துண்டில் மரபணு பார்த்து, "பிஆர்சிஏ பாசிட்டிவ்" என்று ஒரு ரிப்போர்ட் ஏற்கெனவே ஃபைலில் இருக்கலாம். கட்டியில் இருப்பது கட்டிக்குள்ளேயே பிறகு தோன்றியதாகவும் இருக்கலாம். ரத்தத்திலும் அதே பழுது இருந்தால்தான் அது பரம்பரை.

ஊதா மூடிக் குழாயிலிருந்து அறிக்கை வரை

ரத்தம் எடுப்பதில் எழுத ஒன்றுமில்லை. ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி. வெறும் வயிறு தேவையில்லை. ரிப்போர்ட் வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். ரத்தப் புற்றுநோய் உள்ளவர், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் தோல் திசுவிலிருந்து பார்ப்பார்கள். லேபில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவையுங்கள்: எழுத்துப் பிழைகளோடு, மரபணுவில் பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் அதையும் (எம்எல்பிஏ அல்லது அதற்குச் சமமான முறையில்) பார்க்கிறார்களா?

அறிக்கையில் வரக்கூடிய வகைகள் ஐந்து. நோய் உண்டாக்கும், அநேகமாக உண்டாக்கும் என்ற முதல் இரண்டுக்கும் ஒரே மாதிரி நடவடிக்கை. தீங்கற்றது, அநேகமாகத் தீங்கற்றது என்ற கடைசி இரண்டைப் பல லேபுகள் எழுதுவதுகூட இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் தலைவலி: 'வியுஎஸ்', அதாவது பொருள் தெரியாத மாற்றம். எழுத்து மாறியிருக்கிறது, அது வேலையைக் கெடுக்குமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நமக்கு இது வெள்ளைக்காரர்களைவிட அதிகமாக வருகிறது. காரணம் நம் ரத்தத்தில் இல்லை. உலகத் தரவுக் கிடங்குகளில் ஐரோப்பிய வம்சத்தினரே நிறைந்திருப்பதால், இங்கே சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரிகிறது.

வியுஎஸ் வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதை நம்பி மார்பகத்தை எடுக்கவும் கூடாது, தங்கையைக் கூப்பிட்டு அவருக்கும் பார்க்கவும் கூடாது. குடும்ப வரலாறு சொல்வதை வைத்தே கண்காணிப்பு நடக்கட்டும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை அதே லேபிடம், "இந்த மாற்றத்தின் வகை மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். மாறுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை பக்கம்தான் போய்ச் சேர்கின்றன.

எவ்வளவு பேருக்கு உறுதியான பழுது கிடைக்கிறது? மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்த 1,010 இந்திய நோயாளிகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில் சுமார் 30 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்கள் என்பதால் இந்த எண்ணிக்கை இவ்வளவு அதிகம்.

பாசிட்டிவ் என்றால்

2017இல் ஏறக்குறைய 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வின்படி, பிஆர்சிஏ1 பழுது உள்ள 100 பெண்களில் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரலாம். பிஆர்சிஏ2இல் 69 பேருக்கு. சினைப்பைப் புற்று முறையே 44, 17. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். எண்கள் பெரியவைதான். ஆனால் இவை 80 வயது வரையிலான கணக்கு. நாளைக்கே வரப்போகும் நோயைப் பற்றியவை அல்ல.

2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி தன் பிஆர்சிஏ1 பற்றியும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதைப் பற்றியும் நியூயார்க் டைம்ஸில் எழுதியதிலிருந்து, பாசிட்டிவ் என்றாலே இரண்டையும் எடுப்பது என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. அது ஒரு வழி. ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். மார்பகத்துக்கு வேறு வழியும் இருக்கிறது: 25 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ, 30இலிருந்து மேமோகிராமும் சேர்த்து. வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

சினைப்பைக்கு அந்த வசதி இல்லை. ஸ்கேனும் சிஏ125 ரத்தப் பரிசோதனையும் அதைச் சீக்கிரம் பிடித்து உயிரைக் காப்பாற்றும் என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஆகவே டாக்டர்கள் அதிகம் வற்புறுத்துவது மார்பகத்தை அல்ல, சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பதைத்தான்: பிள்ளை பெற்று முடித்த பிறகு, பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 45 வரை பொறுக்கலாம். மாதவிடாய் ஒரே நாளில் நின்றுபோகும். உடல் தகிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து வரும் என்பதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்களுக்கு, முக்கியமாக பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு, 40 வயதிலிருந்து புரோஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள்; தன் மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்கவும் பழக வேண்டும்.

பிராக்கா மட்டும்தானா என்றால் இல்லை. பெருங்குடல், கருப்பைப் புற்றுகள் ஒரே கிளையில் வந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற இன்னொரு பரம்பரைக் கோளாறைத் தேடுவார்கள். 1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் ஒரு தையல்காரப் பெண், தன் வீட்டில் எல்லோரையும்போலத் தானும் இந்த நோயில்தான் சாவேன் என்று ஆல்ட்ரட் வார்த்தின் என்ற பேராசிரியரிடம் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். அவர் குடும்பத்திலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. இன்று லிஞ்ச் என்று தெரிந்தால் 20, 25 வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது). புற்றாகும் முன்பே கட்டிகளை எடுத்துவிடலாம்.

வீட்டில் சொல்வதும் மற்றவையும்

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பிராக்கா பார்ப்பதில்லை. அந்த வயதில் செய்ய ஒன்றுமில்லை. 18 வயதான பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும். ரெட்டினோபிளாஸ்டோமாவில் இது தலைகீழ்: ஒரு குழந்தைக்கு வந்து, பழுதும் தெரிந்துவிட்டால், அடுத்த குழந்தைக்குப் பிறந்தவுடனே பார்க்க வேண்டும், ஏனெனில் கண்ணைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் வெளியே தெரிய வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது நடக்கத்தான் செய்கிறது. ஆலோசகர்களும் உங்கள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சித்தப்பா மகளுக்கும் அதே பழுது வந்திருக்க வாய்ப்பு உண்டு. அவருக்குச் சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஆலோசகர் எழுதித்தரும் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

காப்பீட்டு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காரணத்துக்காகக் கோரிக்கைகளை நிராகரிக்க வேண்டாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் அறிவுறுத்தியது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்காவில் 2008இல் கொண்டுவந்ததுபோல இதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. பாலிசி எடுக்காதவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதை யோசித்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது? அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சிலர் எச்சில் துப்பி அனுப்பும் கிட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்கிறார்கள். அப்படி ஒரு கிட்டை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி மூன்றே மூன்று பிஆர்சிஏ பிழைகளுக்கு. மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாக இருப்பவை. பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள் என்றாலும், அறியப்பட்ட பழுதுகள் ஆயிரக்கணக்கில். அந்த மூன்றில் 185டெல்ஏஜியும் ஒன்று என்பதால் நம்மவர் சிலருக்கு அது பிடிபடலாம். பிடிபட்டாலும் மருத்துவ லேபில் ரத்தத்தில் மறுபடி உறுதிசெய்த பிறகே அறுவை சிகிச்சை பேச்சு. பிடிபடவில்லை என்றால் அவர்கள் இன்னும் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.